சத்தத்துக்குள் அரைமணி நேரம்

மழை விட்ட முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் வெங்கடசாமி தீர்ப்புச் சொல்லிவிட்டார். இன்று சாயந்திரத்துக்குள் புல் வெட்டும் மிஷின் ஓடவில்லையென்றால், நாளைக் காலையில் கொத்தனார் பச்சைமுத்து வந்து அளவெடுப்பார். வீட்டுக்கு முன்னால் இருக்கும் புல்தரை முழுவதையும் தோண்டிவிட்டுக் கல் பாவிவிடலாம். காலில் சேறு ஒட்டாது. பிற்பாடு ஒரு கார் வாங்கினால் நிறுத்திக்கொள்ளவும் இடமாயிற்று.

கார் வாங்கும் பேச்சை யசோதா அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டாள். ஆனாலும் "சரி" என்றாள்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவளிடம் பலவகைச் 'சரி'கள் சேர்ந்திருந்தன. சம்மதத்துக்கு ஒன்று, சண்டையை நாளைக்கு ஒத்திப்போட ஒன்று, காதில் விழவில்லை என்பதற்கு ஒன்று. இது அவற்றில் எதிலும் சேராத புதுச் 'சரி'. வாயிலிருந்து தானாக வந்தது.

ஆனேக்கல் போகும் சாலையில் அந்த லேஅவுட் மனைகள் விற்பனைக்கு வந்த புதிதில், தொண்ணூற்றிரண்டில், அவர்கள் வீடு கட்டினார்கள். தர்மபுரிப் பக்கத்து ஆட்களான இரண்டு பேருக்கும் வாசலில் புல் வளர்ப்பது என்பது முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. மாடு மேய வேண்டிய சமாசாரத்தை மிஷின் வைத்து வெட்டுவானேன்? ஆனால் வெங்கடசாமி வேலை பார்க்கும் தொழிற்சாலையின் விருந்தினர் விடுதியில் பழைய சாமான்களை ஏலம் விட்டபோது, சிவப்பு வர்ணம் அடித்த பெட்ரோல் மிஷின் ஒன்று அவர் கையில் சிக்கிவிட்டது. மிஷின் வந்த பிறகுதான் அதற்கு வேலை வேண்டுமே என்று புல் வைத்தார்கள். அந்தத் தெருவில் அந்தக் கதையைச் சொல்லாத ஆளில்லை.

ஞாயிறுதோறும் வெங்கடசாமிதான் வெட்டுவார். தொழிற்சாலை ஸ்டோர்ஸில் இருந்ததால் உலகத்திலுள்ள நட்டு, போல்ட்டு, வாஷர் எல்லாவற்றின் பெயரும் அவருக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒருமுறை மிஷினின் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வார். யசோதாவின் வேலை பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பது. பத்தாம் நம்பர் கேட்டால் பத்தாம் நம்பர். அவள் என்ன நினைத்தாள் என்று ஸ்பேனரும் கேட்டதில்லை, அவரும் கேட்டதில்லை.

செப்டம்பரில் ஸ்கூட்டர் சறுக்கி அவருடைய வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டு மாவுக்கட்டுப் போட்டார்கள். புல் கணுக்காலுக்கு மேல் வந்துவிட்டது. ஒரு ஞாயிறு அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது யசோதா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கயிற்றைச் சுண்டி இழுத்து மிஷினைக் கிளப்பினாள்.

கிளப்பியதும் அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. இரண்டு கையும் தோள்வரை அதிர்ந்தன. நான்கு நடை போனபிறகு பயம் எங்கோ போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் கண்டுபிடித்த விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. அந்தச் சத்தத்துக்குள் அவளை யாராலும் கூப்பிட முடியவில்லை. குக்கர் விசில் கேட்கவில்லை, டெலிபோன் கேட்கவில்லை, "யசோதா, என் கண்ணாடியைப் பாத்தியா" கேட்கவில்லை. ஊரெல்லாம் இரைச்சல் என்று காதைப் பொத்திக்கொள்ளும் ஒன்றுக்குள் அவளுக்கு அப்படியொரு அமைதி கிடைத்தது. பாதியில் விட்ட யோசனைகள் ஒவ்வொன்றாக வந்து பக்கத்தில் நடந்தன. பள்ளிக்கூடத்தில் தன்னோடு படித்த ஜானகியின் சிரிப்பு ஞாபகம் வந்தது. ஏன் வந்தது என்று யாருக்கும் பதில் சொல்லவேண்டியிருக்கவில்லை. அரைமணி நேரம் கழித்து மிஷினை நிறுத்தியபோது உலகம் சடாரென்று வந்து காதில் விழுந்தது.

அப்படி மூன்று ஞாயிறுகள். அதற்குள் ஆயுத பூஜை வந்தது, பூஜையைத் தொட்டுக்கொண்டு மழை வந்தது, மிஷின் படுதாவுக்குள் போயிற்று. இப்போது வெளியே எடுத்தால் கிளம்புகிறது, இரண்டு நடை போகிறது, இருமிவிட்டு நின்றுவிடுகிறது.

"பழைய பெட்ரோலு. கார்புரேட்டர்ல பிசினா ஒட்டிகினு இருக்கும்" என்றார் வெங்கடசாமி. கட்டுப் பிரித்துப் பதினைந்து நாளாகியும் காப்பி டம்ளரை அவர் இடது கையில்தான் பிடித்தார். "என் கை சரியா இருந்தா நானே கழட்டிருவேன். மெக்கானிக்கும் கடையச் சாத்திட்டு ஊருக்குப் போயிட்டான். எதுக்கு அவஸ்தை? கல்லு போட்டா ஒரே வேலையா முடிஞ்சிரும்."

"நான் கழட்டறேன்" என்றாள் யசோதா.

அவர் சிரித்தார். கேலி இல்லாத சிரிப்புதான். ஆனாலும் அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

பின்கட்டில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் அவள் பழைய செய்தித்தாளை விரித்தாள். பிடி உடைந்துபோய்ப் பரணில் கிடந்த அஞ்சறைப்பெட்டியை இறக்கித் துடைத்து வைத்துக்கொண்டாள். கழற்றுகிற வரிசையில் கடுகுக் கிண்ணத்திலிருந்து ஆரம்பித்து வலப்பக்கமாகப் போட்டுக்கொண்டே வந்தால், மாட்டும்போது இடப்பக்கமாகத் திரும்பி வந்தால் போதும். வெங்கடசாமி பிரம்பு நாற்காலியைத் தூக்கிவந்து கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த தோரணையில் மேற்பார்வை ஆரம்பமாகிவிட்டது தெரிந்தது.

பெட்ரோல் குழாயின் திருகை அடைத்தாள். காற்று வடிகட்டியைக் கழற்றினாள். இரண்டு நட்டு. முடியிழை போன்ற சின்ன ஸ்பிரிங் ஒன்று கொக்கியில் மாட்டியிருந்தது. அது எந்தத் துளையில் இருந்தது என்று இரண்டு தடவை பார்த்து மனதில் வைத்துக்கொண்டாள். கார்புரேட்டர் கையோடு வந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிய அதைப் பார்த்து அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு சத்தத்துக்கும் இந்தச் சின்னச் சாமான்தான் பொறுப்பா?

"கேஸ்கெட்டு, கேஸ்கெட்டு. அந்த அட்டையக் கிழிச்சிடாத" என்றார் வெங்கடசாமி. "கீழ ஒரு போல்ட்டு இருக்குது பாரு, அதான் கிண்ணத்தப் பிடிச்சிருக்குது. அதுக்குள்ள மிதவை."

கிண்ணத்தை இறக்கியபோது அடியில் பழுப்பாக ஒரு வண்டல் இருந்தது. பித்தளை மிதவை, அதைத் தாங்கும் ஊசி, நடுவில் ஜெட். ஜெட் என்று பெயர்தான் பெரிது. மூக்குத்தித் திருகாணியைவிடக் கொஞ்சம் பெரிய பித்தளைத் துண்டு, அதன் நடுவில் பெட்ரோல் வரக் கண்ணுக்கே தெரியாத ஓட்டை. எல்லாவற்றையும் புதுப் பெட்ரோலில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தாள். ஊசியை விட்டுக் குத்தினால் ஜெட்டின் ஓட்டை பெரிதாகிவிடும் என்பது ஸ்பேனர் கொடுத்த காலத்தில் காதில் விழுந்த பாடம். மின்சார ஒயரைச் சீவி ஒற்றைச் செம்பு இழையை எடுத்து, நூல் கோக்கிற மாதிரி எச்சில் தொடாமல் கோத்து எடுத்தாள். சைக்கிள் பம்பால் ஒரு ஊது.

பிறகு ஜெட்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து ஆகாயத்தைப் பார்த்தாள். மணல் பருமனுக்கு ஒரு வெளிச்சப் புள்ளி. அது முழு வட்டமாக இருந்தது. அவள் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வேலையைத் தானே செய்து, அது சரியாக முடிந்துவிட்டது என்று தனக்கே தெரிவது எவ்வளவு நாளைக்கு ஒருமுறை நடக்கிறது? சாம்பாரைக்கூட இன்னொருத்தர் நாக்குதான் சரி என்று சொல்லவேண்டியிருக்கிறது.

சர்ச்சுக்குப் போய்விட்டு வந்த அல்போன்சா மதில்மேல் முகத்தை வைத்தாள். ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்தவள், பேச்சில் கன்னடம் கலந்து வரும். பக்கத்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மதில்தான் அவளுடைய முற்றம்.

"யசோதாக்கா, என்னா அடுப்படி வெளிய வந்துருச்சு? இன்னிக்கு பெட்ரோல் ரசமா?"

"உனக்கும் ஒரு டம்ளர் எடுத்து வைக்கட்டா?"

"பேடாப்பா, எனக்கு வேணாம். சாருக்கே ஊத்துங்க, நல்லா கிளம்புவாரு" என்று சொல்லிவிட்டு அல்போன்சா தன் வீட்டுக் கோழிக்குழம்பைப் பார்க்கப் போனாள். வெங்கடசாமி செய்தித்தாளின் மிச்சப் பக்கத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். தாளுக்குப் பின்னால் தோள் குலுங்கியது.

அஞ்சறைப்பெட்டியை இடப்பக்கமாகத் திரும்பி வந்து எல்லாவற்றையும் மாட்டினாள். பெட்டியில் ஒன்றும் மிஞ்சவில்லை. மிஷினை முன்வாசலுக்கு உருட்டிப்போய்க் கயிற்றை இழுத்தாள். மூன்றாம் இழுப்பில் பிடித்துக்கொண்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு நடை, இரண்டு நடை. செம்பருத்திச் செடியருகே திரும்பும்போது மிஷின் இருமியது, நின்றது.

"மிதவையத் தலைகீழா போட்டிருப்ப" என்றார் வெங்கடசாமி.

"இல்லீங்க."

"பொம்பளைங்களுக்கு இதெல்லாம்..." என்று ஆரம்பித்தவர், அவள் பார்த்த பார்வையில் வாக்கியத்தைத் திருப்பிக்கொண்டு, "யாருக்குமே இதெல்லாம் கஷ்டந்தான்" என்று முடித்தார். அதோடு விடாமல் உள்ளே போய் டெலிபோனில் பச்சைமுத்துவிடம், காலையில் டேப்போடு வரச்சொல்லி உறுதி செய்தார்.

யசோதா இரண்டாம் தடவை கழற்றினாள். மிதவை நேராகத்தான் இருந்தது. ஜெட்டில் அதே வெளிச்சப் புள்ளி. ஆனாலும் இப்போது அந்தப் புள்ளியை அவளால் நம்ப முடியவில்லை. முதல் தடவை நிச்சயமாகத் தெரிந்தது, பக்கத்தில் ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னதும் எப்படி இப்படிக் கரைந்துபோகிறது? தப்பு மிஷினில் இருக்கிறதா தன்னிடத்தில் இருக்கிறதா என்ற கேள்வி வந்தால், அவள் எப்போதும் தன்னிடத்திலிருந்துதான் தேட ஆரம்பிப்பாள். பால் திரிந்தாலும் அப்படித்தான், மகள் வைஷ்ணவி ஹாஸ்டலிலிருந்து போன் செய்யாவிட்டாலும் அப்படித்தான். கல் பாவிய வாசலை நினைத்துப் பார்த்தாள். சுத்தமாக இருக்கும். வெயிலில் சுடும். எல்லாக் குரலும் அங்கே தெளிவாகக் கேட்கும்.

மாட்டினாள். ஓடியது. அதே செம்பருத்தியருகே நின்றது.

அப்போது மத்தியானமாகியிருந்தது. சாப்பாடு போட்டு, தானும் பேருக்குக் கொறித்துவிட்டு, மறுபடி போய்க் கயிற்றை இழுத்தாள். உடனே கிளம்பியது, இரண்டு நடைக்குப் பிறகு அணைந்தது. ஓய்வு கொடுத்தால் ஓடுகிறது. அழுக்கு என்றால் ஓய்வு கொடுத்தா சரியாகும்? பெட்ரோல்தான் தீர்ந்துவிட்டதோ என்று பார்க்க டாங்கின் மூடியைத் திருகினாள்.

ஸ்... என்று ஒரு சத்தம். யாரோ உள்ளே பல்லிடுக்கில் காற்றை இழுத்த மாதிரி.

பெட்ரோல் பாதிக்கு மேல் இருந்தது. மூடியைப் போட்டுவிட்டுக் காத்திராமல் இழுத்தாள். உடனே பிடித்துக்கொண்டது. ஓடியது, நின்றது. மறுபடி திறந்தாள். மறுபடி அதே ஸ்.

யசோதா புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். இந்தச் சத்தத்தை அவளுக்குத் தெரியும். எங்கே என்றுதான் தெரியவில்லை. சமையலறையை மனசுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். எண்ணெய் டின்! டின்னில் ஒரு பக்கம் மட்டும் ஓட்டை போட்டால் எண்ணெய் இரண்டு மடக்கு வந்து நின்றுவிடும். எதிர்ப்பக்கம் காற்றுக்கு இன்னொரு ஓட்டை போட்டால்தான் ஒழுங்காக இறங்கும். கல்யாணமான நாளிலிருந்து மாதம் ஒரு டின் திறக்கிறாள். அப்படியானால் இந்த டாங்குக்கும் காற்றுப் போக எங்கேயோ ஒரு ஓட்டை இருக்கவேண்டும்.

மூடியைத் திருப்பிப் பார்த்தாள். உள்பக்கம் நடுவில் சின்ன ஓட்டை இருந்தது. மேல்பக்கம் அது வெளியே வரவேண்டிய இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம். காய்ந்து சிமெண்டாகியிருந்தது.

ஆயுத பூஜை. அவர்கள் வீட்டில் அதற்கொரு சட்டம் உண்டு, தொழிற்சாலையிலிருந்து வெங்கடசாமி கொண்டுவந்தது: எந்த மிஷினை யார் ஓட்டுகிறார்களோ அவர்கள்தான் அதற்குப் பொட்டு வைக்கவேண்டும். அரிவாள்மணை, மிக்ஸி, தையல் மிஷின் யசோதாவுடையவை. ஸ்கூட்டர், துளைபோடும் மிஷின், புல் மிஷின் அவருடையவை. இந்த வருஷம் புல் மிஷினுக்குத் தானே வைக்கலாம் என்று அவள் சந்தனக் கிண்ணத்தோடு குனிந்தபோது, "இரு, இரு, அது என்னுது" என்று கிண்ணத்தை வாங்கி, மாவுக்கட்டு போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கைக் கட்டைவிரலால் அப்பினார். மூன்று ஞாயிறு ஓட்டியவள் யார் என்று கேட்க வாய்வரை வந்தது; 'சரி' என்று விழுங்கினாள்.

கொண்டையூசியை எடுத்துச் சுரண்டப்போனவள் நிறுத்தினாள். சுரண்டிவிட்டு ஓட்டிக் காட்டினால் கார்புரேட்டர் மூன்றாம் தடவையில் சரியாயிற்று என்று அவர் நினைத்துக்கொள்வார். வீட்டில் அமைதி இருக்கும். அப்படி எத்தனையோ தடவை அமைதியை வாங்கியிருக்கிறாள். மூடியை அப்படியே எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள்.

"இந்தப் பொட்டு யாரு வச்சது?"

வெங்கடசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். மூடியைத் திருப்பினார், ஓட்டையைப் பார்த்தார், மறுபடி மேல்பக்கம் திருப்பினார். ஸ்டோர்ஸ் மூளை கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது.

"இடது கையில வச்சது" என்றார் மெதுவாக. "கொஞ்சம் பெருசா போயிருச்சு."

"கொஞ்சமா? அம்மன் நெத்தியிலகூட இவ்ளோ பெருசா வைக்கமாட்டாங்க. ரெண்டு வாட்டி கழட்டி மாட்டினேன்."

அவருக்குச் சிரிப்பு கிளம்பியது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அவளுக்கும் தொற்றிக்கொண்டது. இருவரும் சிரித்து ஓய்ந்தபோது அவர் மூடியைத் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"கயித்த என்னால இழுக்க முடியல, யசோதா" என்றார். "போன வாரம் நீ கடைக்குப் போனப்ப இழுத்துப் பாத்தேன். பாதிகூட வரல. வலி இல்ல, பலமே இல்ல. டாக்டர் இனிமே இவ்ளோதான்னு சொல்லிட்டாரு."

அப்போதுதான் கார், சேறு, கல் எல்லாம் அவளுக்கு ஒரே நேர்க்கோட்டில் வந்து நின்றன. புல் இருந்தால் மிஷின் இருக்கும். மிஷின் இருந்தால் கயிறு இருக்கும். ஞாயிறுதோறும் அந்தக் கயிற்றை இன்னொருத்தர் இழுப்பதை நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கவேண்டியிருக்கும். அதைத் தவிர்க்கத்தான் அவருக்குக் கல் தேவைப்பட்டது. தனக்குப் புல் தேவைப்பட்டது வேறொன்றுக்கு. இரண்டு பேரும் ஒரே வாசலுக்குள் தங்கள் தங்கள் ரகசியத்தை ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

பரிதாபப்பட்டால் அவர் கல்லையே பிடித்துக்கொள்வார் என்று அவளுக்குத் தெரிந்தது. பதிலுக்குத் தன் பக்கத்து ரகசியத்தை அவருக்குக் கொடுத்தாள்.

"எனக்கு அத ஓட்றது பிடிச்சிருக்குதுங்க. அந்தச் சத்தத்துல யாரும் என்னைக் கூப்பிட முடியாது. அரைமணி நேரம் நான் பாட்டுக்கு இருப்பேன்."

"யாரும்னா? நானா?"

"நீங்க, குக்கரு, போனு, எல்லாந்தான்."

அவர் மூடியை விரல்களுக்கிடையில் உருட்டினார். கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. "அவ்வளவு தொல்லையா குடுக்கறேன்?" என்று கேட்டுவிட்டு, பதிலை எதிர்பார்க்காமல் மூடியை நீட்டினார். "சரி, சுரண்டு. ஓடுதான்னு பாப்போம்."

"நான் இழுக்கறேன். நீங்க பொட்டு மட்டும் வைக்காதீங்க."

கொண்டையூசியின் முனையில் சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. மூடியை ஆகாயத்துக்கு நேராகப் பிடித்து வாயால் ஊதி, காற்று மறுபக்கம் வெளியே வருவதை விரல் நுனியில் உணர்ந்தாள். மாட்டினாள். ஒரே இழுப்பு.

செம்பருத்தி வந்தது, போயிற்று. மிஷின் இருமவில்லை. ஈரப் புல்லின் வாசனை எழுந்தது. நாலாவது நடையில் மதிலுக்கு மேல் அல்போன்சாவின் வாய் ஏதோ கேலி பேசி அசைந்தது. யசோதா காதைத் தொட்டுக் கையை விரித்தாள். பத்தாவது நடையில் வராந்தாவிலிருந்து வெங்கடசாமியும் ஏதோ சொன்னார். கண்ணாடியைத் தேடுகிறார் போலிருந்தது. அது அவர் மூக்கில்தான் இருந்தது. அவள் அவருக்கும் அதே மாதிரி கையை விரித்தாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார். பிறகு புல்லும் அவளும் மட்டும். ஜானகி இப்போது எந்த ஊரில் இருப்பாள் என்ற யோசனையை விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டாள்.

பச்சைமுத்துவுக்குத் திரும்பப் போன் போட இரண்டு பேருக்குமே மறந்துவிட்டது. மறுநாள் காலையில் அவர் டேப்போடு வந்து நின்றார். வெட்டிய புல்லைப் பார்த்தார், வெங்கடசாமியைப் பார்த்தார், "கல்லு எங்கேண்ணா போடறது?" என்றார். வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவதெப்படி? காப்பி குடித்து முடிப்பதற்குள் வெங்கடசாமி யோசனை செய்துவிட்டார். சுவரோரம் மிஷின் நனையாமல் நிற்க இரண்டு கல்லில் ஒரு மேடை, மேலே ஒரு தகடு. மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது.

மிஷினை மேடையில் ஏற்றியதும் வெங்கடசாமி உள்ளே போய்ச் சந்தனக் கிண்ணத்தை எடுத்துவந்தார். அதை அவளிடம் நீட்டினார். யசோதா மோதிர விரலால் தொட்டு, மிஷினைச் சுற்றிவந்து, கைப்பிடியின் இரும்புக் குழாயில் ஓட்டை எதுவும் இல்லாத இடமாகப் பார்த்து, சின்னதாக ஒன்று வைத்தாள்.